மெமரி கார்டிலிருந்து லேப்டாப்பை இயக்குவது எப்படி: ஸ்லாட்டைச் சோதிப்பதிலிருந்து பேக்கப் வரை

கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமும் ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம் நடப்பது சாதாரணம். பகலில் ஏலத்தோட்டக் கணக்கு விண்டோஸில் ஓடும். சாயங்காலம் அதே பெட்டியில் பிள்ளை படிக்க வேண்டும். பிள்ளை மலைக்கு மேலே கேரளத்து அரசுப் பள்ளியில் படித்தால், தமிழ் வழிப் பள்ளியாகவே இருந்தாலும், கணினிப் பாடம் விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து அவர்களே ஒரு லினக்ஸ் தொகுப்பும் வெளியிடுகிறார்கள். அதை விண்டோஸ் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற எந்த வியாபாரியும் சம்மதிக்க மாட்டார். கணக்கு போனால் யார் பொறுப்பு?

மலைக்குக் கீழே கதை வேறு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் பல, ஹார்ட் டிஸ்க் செத்துப்போய்ப் பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளும் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. அந்த வயதுப் பெட்டிகளை விண்டோஸ் 11 ஏற்காது.

இரண்டுக்கும் ஒரு வழி, மெமரி கார்டில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பை இயக்குவது. கார்டு உள்ளே இருந்தால் லினக்ஸ், எடுத்துவிட்டால் விண்டோஸ். ஒன்றின் மேல் ஒன்று கை வைக்காது.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை மாற்ற முடியும், அந்த இணைப்பும் நன்றாக இருக்கிறது என்றால், கார்டை மறந்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். வேகத்தில் கார்டு அதன் பக்கத்தில் நிற்காது. விண்டோஸைத் தொடக்கூடாது, அல்லது பெட்டியைத் திறக்க முடியாது, அல்லது உள்ளே இருக்கும் சேமிப்பே போர்டோடு ஒட்டியது என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்

இந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பது கார்டும் அல்ல, லினக்ஸும் அல்ல. லேப்டாப்பின் கார்டு ஸ்லாட் உள்ளே எந்த வழியாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஸ்லாட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இரண்டு வகை.

ஒன்று, யுஎஸ்பி வழியாக இணைந்தது. இதில் சொருகும் கார்டை பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள், ஒரு பென்டிரைவாகவே பார்க்கும். அதனால் பெரும்பாலும் பூட் ஆகிவிடும், அதாவது சிஸ்டம் அதிலிருந்து கிளம்பிவிடும். இன்னொன்று, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைந்தது. இதற்குத் தனி டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது, பல லேப்டாப்புகளின் பயாஸில் இல்லை. பயாஸ் கண்ணுக்குத் தெரியாத கார்டிலிருந்து எதுவும் பூட் ஆகாது. 'எல்லாம் சரியாகச் செய்தும் பட்டியலில் கார்டு வரவே இல்லை' என்று புலம்புபவர்களில் பெரும்பாலானோர் முட்டி நிற்கும் இடம் இதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸ் ஓடினால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கார்டு ரீடரின் பெயரைப் பாருங்கள். ரியல்டெக் யுஎஸ்பி கார்டு ரீடர் என்றிருந்தால் நல்லது. ரியல்டெக் பிசிஐஇ கார்டு ரீடர் என்றோ எஸ்டி ஹோஸ்ட் அடாப்டர் என்றோ இருந்தால் இரண்டாம் வகை. விண்டோஸே இல்லை என்றால், பென்டிரைவிலிருந்து ஏதாவது ஒரு லினக்ஸை லைவாக (எதிலும் இன்ஸ்டால் செய்யாமல்) ஓட்டி, கார்டைச் சொருகி, டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறங்கள். கார்டின் பெயர் எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) என்பதுபோல வந்தால் யுஎஸ்பி வகை. எம்எம்சிபிஎல்கே (mmcblk) என்று தொடங்கினால் மற்ற வகை.

இதையும் தாண்டி உறுதியான சோதனை ஒன்று உண்டு, காசும் செலவில்லை. பழைய போனில் கிடந்த 2 ஜிபி, 4 ஜிபி கார்டு ஒன்றை எடுங்கள். அதிலிருக்கும் படங்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாம் அழிந்துவிடும். பப்பி என்ற சிறிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது முழுத் தொகுப்பும் அடங்கிய கோப்பு, 1 ஜிபிக்குள்தான் இருக்கும். அதை ரூஃபஸ் என்ற விண்டோஸ் செயலி மூலம் கார்டில் எழுதி ஸ்லாட்டில் சொருகிவிட்டு, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். லெனோவோ, டெல், ஏசரில் அது எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், எஃப்12 பூட் மெனு என்ற வரியை முதலில் எனேபிள் செய்ய வேண்டும். வரும் பட்டியலில் கார்டு தெரிந்து, அதைத் தேர்ந்தெடுத்ததும் பப்பி வந்து நின்றால், கடைக்குப் போய்ப் பெரிய கார்டு வாங்கலாம்.

தெரியவில்லை என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. அதற்கான வழி கீழே தனியாக இருக்கிறது.

எந்தக் கார்டு

32 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம், 64 ஜிபி நிம்மதி. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '100 எம்பி வேகம்' என்பதை நம்பி வாங்காதீர்கள். அது பெரிய கோப்பு ஒன்றை நேராகப் படிக்கும் வேகம். பழைய லேப்டாப்பின் யுஎஸ்பி 2 வகை ஸ்லாட்டில் நொடிக்கு 20, 30 எம்பி வந்தாலே பெரிது. ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வது வேறு மாதிரி வேலை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும், எழுதும். அதற்கான முத்திரைதான் ஏ1. நொடிக்குக் குறைந்தது 1500 சிதறிய வாசிப்பு, 500 சிதறிய எழுத்து என்பது அதன் பொருள். சுழலும் ஹார்ட் டிஸ்க் இந்த வகை வாசிப்பில் நொடிக்கு நூறைத் தொடுவதற்கே திணறும். அதனால் செயலிகளைத் திறக்கும்போது கார்டு அவ்வளவு மோசமாகத் தெரியாது. எழுதும்போதுதான் மூச்சு வாங்கும், அப்டேட் போடும் நேரத்தில் குறிப்பாக. ஏ2 கார்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அதன் கூடுதல் வேகத்துக்கு ரீடரும் ஒத்துழைக்க வேண்டும், பழைய ரீடர்கள் ஒத்துழைக்காது.

ஏ1 குறி பெரும்பாலும் மைக்ரோ கார்டுகளில்தான் இருக்கும், ஆகவே அடாப்டரோடு சொருக வேண்டிவரும். தொளதொளவென்று ஆடும் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இறுக்கமானதை வாங்குங்கள். அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக் பொத்தான் கீழே இறங்கியிருந்தால் கார்டில் எழுத முடியாது. இன்ஸ்டால் பாதியில் நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கார் கேமராக்களுக்கென்று 'ஹை எண்டூரன்ஸ்' என்று விற்கும் கார்டுகள் அதிகம் எழுதித் தேய்வதைத் தாங்கும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் தினமும் ஓட்டப்போகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

போலிக் கார்டு பற்றி ஒரு வார்த்தை. 64 ஜிபி என்று காட்டி உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் கார்டுகள் சந்தையில் உண்டு. 8 ஜிபி நிறையும்வரை ஒழுங்காக நடித்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதுவதையெல்லாம் காற்றில் விடும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபி கார்டுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். ஆகட்டும், பில் கையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் இருக்கும் லேப்டாப் என்றால்

பயாஸில் கை வைக்கும் முன்பு, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் போன்ற அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது, எந்தக் கடைக்காரராலும் திறந்து தரவும் முடியாது. ஏலக்காய் சீசனில் இது நடந்தால் வீட்டில் உங்களுக்குச் சோறு கிடைக்காது.

லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும். அதனால் அதை அணைக்காமலேயே முதலில் முயன்று பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விண்டோஸ் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து அதன் டிரைவில் எழுதுவது ஆபத்து.

எந்த லினக்ஸ், எந்த வகையில்

கார்டில் லினக்ஸை வைக்க மூன்று விதம் உண்டு. லைவாக மட்டும் ஓட்டினால், அணைத்ததும் செய்த வேலை எல்லாம் போய்விடும். பெர்சிஸ்டன்ஸ் வைத்து ஓட்டினால் மாற்றங்கள் ஒரு தனிப் பகுதியில் சேமிக்கப்படும். ரூஃபஸில் அதற்கென்று நகர்த்தும் பட்டை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, ஆனால் பெரிய அப்டேட்டுகளைச் சரியாகத் தாங்காது. மூன்றாவது, ஹார்ட் டிஸ்க்கில் செய்வதுபோல முழு இன்ஸ்டால். தினசரி உபயோகத்துக்கு அதுதான் சரி, கீழே சொல்வதும் அதையே.

2 ஜிபி ரேம் மட்டும் இருக்கும் பெட்டிக்கு விதிவிலக்கு தரலாம். பப்பி லினக்ஸ் முழுவதும் ரேமுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கார்டைத் தொடுவதே அபூர்வம். கார்டு நீண்ட நாள் உழைக்கும். பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்துத் தோற்றம், அவ்வளவுதான். 4 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்காகவே செய்கிறீர்கள் என்றால் கைட் வெளியிடும் தொகுப்பையே ஏற்றலாம். லிப்ரே ஆபிஸ், ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப் எல்லாம் அதிலேயே இருக்கும், பள்ளியில் பார்த்த அதே திரை வீட்டிலும் வரும்.

விண்டோஸையே கார்டில் வைக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் டு கோ என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி வைத்திருந்தது, 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் வழியாக இன்றும் செய்யலாம். ஆனால் பின்னணியில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் விண்டோஸ், மெமரி கார்டில் நகரவே நகராது. வேண்டாம்.

இன்ஸ்டால்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட் ஐஎஸ்ஓவை ரூஃபஸால் எழுதுங்கள். கவனியுங்கள், பென்டிரைவ் இன்ஸ்டால் செய்வதற்கு, கார்டு இன்ஸ்டால் ஆவதற்கு. பென்டிரைவிலிருந்து பூட் செய்து, லைவ் திரை வந்தபின் கார்டைச் சொருகுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் இயங்கும் லேப்டாப்புகளில், மின்டும் பழைய உபுண்டுவும் பயன்படுத்தும் இன்ஸ்டாலருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் பூட்லோடரைக் கார்டில் வை என்று நீங்கள் தெளிவாகச் சொன்னாலும், உள் டிஸ்க்கில் முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பகுதியில் (பூட் கோப்புகள் இருக்கும் இடம்) கொண்டுபோய் வைத்துவிடும். பல ஆண்டுகளாகத் தெரிந்த குறைதான் இது. விளைவு, கார்டை எடுத்துவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் லினக்ஸ் பூட்லோடரின் பெயரான கிரப் என்று நிற்கும். வியாபாரி பதறிப்போவார்.

இதைத் தடுக்க மூன்று வழி. உள் ஹார்ட் டிஸ்க் சுலபமாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்வது எல்லாவற்றிலும் உத்தமம். செத்த டிஸ்க் என்றாலும் எடுத்துவிடுங்கள், அதைத் தேடித் தேடியே பூட் தாமதமாகும். கழற்ற முடியாவிட்டால், சில பயாஸ்களில் உள் டிஸ்க்கை டிசேபிள் செய்யும் வசதி இருக்கும். அதுவும் இல்லையென்றால், லைவ் திரையில் டிஸ்க் பகுதிகளைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் செயலியைத் திறந்து, உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதி மேல் வலது கிளிக் செய்து, மேனேஜ் ஃபிளாக்ஸில் பூட், இஎஸ்பி இரண்டு குறிகளையும் எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, அதே இடத்தில் திரும்பப் போட்டுவிட வேண்டும். மறந்தால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

அப்புறம் இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் இடத்தில் 'எல்லாவற்றையும் அழி' என்பதைத் தொடவே வேண்டாம், 'சம்திங் எல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் அளவை வைத்துக் கார்டை அடையாளம் காணுங்கள். 500 ஜிபி இருப்பது டிஸ்க், 64 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டுவது கார்டு. கார்டில் பழைய பகுதிகளை அழித்து, முதலில் 512 எம்பிக்கு ஒரு இஎஃப்ஐ பகுதி, மீதி முழுவதும் எக்ஸ்ட்4 வகையில், மவுண்ட் பாயின்ட் (அந்தப் பகுதி சிஸ்டத்தில் எங்கே இணையும் என்ற குறி) சாய்வுக்கோடு (/). ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகுதி வேண்டாம். இன்ஸ்டாலர் ஒரு எச்சரிக்கை காட்டினாலும் தொடருங்கள். கீழே பூட்லோடர் எங்கே என்று கேட்கும் கட்டத்தில் கார்டின் பெயரையே கொடுங்கள். யுஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் பெட்டியாக இருந்தால் இஎஃப்ஐ பகுதி தேவையில்லை, ஆனால் இந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். அங்கே உள் டிஸ்க்கின் பெயரை விட்டுவைத்தால் விண்டோஸின் பூட் பகுதி போய்விடும்.

கார்டில் எழுதுவதால் இன்ஸ்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கலாம். சார்ஜரைச் சொருகியே வையுங்கள். மழைக்காலத்தில் குமுளிப் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முடிந்தபின், லைவ் திரையிலேயே கார்டின் இஎஃப்ஐ பகுதியைத் திறந்து ஒன்றைச் சரிபாருங்கள். இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரும் அதற்குள் பூட்எக்ஸ்64 (bootx64.efi) என்ற கோப்பும் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் சாதனங்களில் பயாஸ் தேடுவது அந்தப் பெயரைத்தான். இல்லையென்றால் உபுண்டு என்ற ஃபோல்டரில் இருக்கும் ஷிம்எக்ஸ்64, கிரப்எக்ஸ்64 இரண்டையும் அங்கே நகலெடுத்து, ஷிம்மின் பெயரை மட்டும் பூட்எக்ஸ்64 என்று மாற்றுங்கள். கடைசியாக பயாஸின் பூட் வரிசையில் யுஎஸ்பி அல்லது எஸ்டி கார்டை விண்டோஸுக்கு மேலே தூக்கி வையுங்கள். இனி எஃப்12 அழுத்தவே தேவையில்லை.

ஸ்லாட் பிசிஐஇ வகை என்றால்

மிக எளிய தீர்வு, கார்டை யுஎஸ்பி கார்டு ரீடரில் போட்டு யுஎஸ்பி வாயில் சொருகுவது. யுஎஸ்பி 3 ரீடரை யுஎஸ்பி 3 வாயில் போட்டால் உள் ஸ்லாட்டைவிட வேகமாகவே இருக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் ஒரே குறை.

அது பிடிக்கவில்லை என்றால் பூட்டைப் பிரித்துவிடலாம். நகம் அளவே இருக்கும் குட்டிப் பென்டிரைவ் ஒன்றில் 512 எம்பி இஎஃப்ஐ பகுதியும், 1 ஜிபி எக்ஸ்ட்4 பகுதியில் பூட் (/boot) மவுண்ட் பாயின்ட்டும் வையுங்கள். மீதி சிஸ்டம் முழுவதும் உள் ஸ்லாட்டில் இருக்கும் கார்டில். ஆன் செய்ததும் பயாஸ் பென்டிரைவைப் பார்க்கும், அதிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னல் ஏறும், கெர்னலிடம் கார்டு ரீடரின் டிரைவர் இருப்பதால் அதன் பிறகு கார்டு கண்ணுக்குத் தெரிந்துவிடும். மின்ட், உபுண்டுவில் அந்த டிரைவர் வழக்கமாகத் தொடக்கத் தொகுப்பிலேயே இருக்கும். இந்த முறையில் அப்டேட் போடும் நேரத்தில் குட்டிப் பென்டிரைவ் கட்டாயம் சொருகியிருக்க வேண்டும். புதிய கெர்னல் போய் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

முதல் நாளே செய்துவிட வேண்டியவை

கார்டின் ஆயுள் எழுதுவதில்தான் தேயும். ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், சாய்வுக்கோடு பகுதிக்கான வரியில் நோஏடைம் (noatime) என்பதைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பைப் படிக்கும்போதும் நேரத்தைக் குறித்து வைக்கும் வேலை நின்றுவிடும். அதே கோப்பில் ஸ்வாப்ஃபைல் என்று ஒரு வரி இருந்தால் அதன் முன்னால் # போட்டு அணைத்துவிட்டு, சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து இசட்ரேம் டூல்ஸை ஏற்றுங்கள். அது ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப்பாகத் தரும், கார்டைத் தொடாது. ஃபயர்ஃபாக்ஸின் டிஸ்க் கேஷையும் அணைத்துவிட்டால் எழுதுவது பெரிய அளவில் குறையும். வேகத்துக்காக, கார்டில் செய்யும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலை அணைக்கச் சொல்லும் யோசனைகளும் உலவுகின்றன. பேட்டரி போன லேப்டாப்பில், கரண்ட் கண்ணாமூச்சி ஆடும் ஊரில், அதைச் செய்யவே கூடாது. திடீரென்று அணைந்த பிறகு கார்டை ஒழுங்காக மீட்டுத் தருவது அந்த ஜர்னல்தான்.

மூடியைச் சாத்தினால் ஸ்லீப் ஆகும் அமைப்பை மாற்றி, எதுவும் செய்யாதே என்று வையுங்கள். ஸ்லீப்பில் பல ரீடர்களுக்கு மின்சாரம் நின்றுவிடும். விழித்தெழும்போது சிஸ்டம் இருக்கும் கார்டையே காணாமல் உறைந்துவிடும். வேலை முடிந்தால் ஷட் டவுன், அதுவே பழக்கமாகட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பல ஸ்லாட்டுகளில் கார்டு பாதி வெளியே நிற்கும், பை இடித்தாலே போதும்.

விண்டோஸுக்குத் திரும்பியதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமாகப் படிக்கிறது. தேதி நேர அமைப்பில் சிங்க் நவ் அழுத்தினால் சரியாகிவிடும்.

தமிழில் டைப் செய்ய ஐபஸ், ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் ஏற்றி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். மலையாளமும் அதே இடத்தில்தான். எழுத்துருவுக்கு நோட்டோ போதும். ஆனால் மீரா இனிமை என்ற எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். மலையாள எழுத்துருக்கள் பல வரைந்த உசைன் தமிழுக்கும் செய்தது, எல்லைப் பக்கத்துக்காரர்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

பேக்கப்

எல்லாம் ஏற்றி, தமிழ் டைப்பிங்கும் பிரிண்டரும் சரியான அன்றே கார்டு முழுவதையும் டிஸ்க் இமேஜாக, அதாவது அச்சு அசல் நகலாக ஒரே கோப்பில் எடுத்து வையுங்கள். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும் கார்டை அப்படி நகலெடுக்க முடியாது. அதனால் பென்டிரைவ் லைவில் பூட் செய்து, டிஸ்க்ஸ் செயலியில் கார்டைத் தேர்ந்தெடுத்து, கிரியேட் டிஸ்க் இமேஜ் கொடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி இடம் வேண்டும். நாளைக்குக் கார்டு போனால் அதே அளவோ பெரியதோ ஒன்றில் இந்த இமேஜை எழுதினால் போதும், மறுபடி இன்ஸ்டால் வேண்டாம். ஒரு கம்பெனியின் 64 ஜிபி இன்னொன்றைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கக்கூடும், அதே மாடலையே வாங்குவது உத்தமம். பாடக் கோப்புகளையும் கணக்குகளையும் தனியாக ஒரு பென்டிரைவிலோ கிளவுடிலோ வாரம் ஒருமுறை நகலெடுங்கள்.

கார்டு சாகப்போகும்போது பெரும்பாலும் அடையாளம் காட்டும். சேமித்த கோப்பு ரீஸ்டார்ட் செய்தபின் இருக்காது, அல்லது ரீட் ஒன்லி என்று செய்தி வந்து எதையும் சேமிக்க விடாது. அப்போது ரிப்பேர் கருவி எதையும் ஓட்டிக்கொண்டிராமல், லைவ் பென்டிரைவில் பூட் செய்து, ஹோம் ஃபோல்டரை முதலில் வெளியே நகலெடுங்கள். எழுத முடியாமல் போன கார்டு படிக்க மட்டும் சில நாள் இடம் கொடுக்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.